மணிப்பூ பரவிய பாத்தி

தானா ராத்தா,
3.3.2024

அன்புள்ள பிரேமலா அக்கா,

நலமா? நீங்கள் நம் பள்ளியிலிருந்து ஈப்போவுக்கு மாற்றலாகி இரண்டு வருஷமாகிறது. போனில் அகப்படுவதில்லை, அதனால்தான் கடிதம். போகும்போது சட்டியில் கொடுத்தீர்களே ஊதா மணிப்பூ, அது பாத்தி முழுக்கப் பரவிவிட்டது. என்னவர் கண்ணை மூடுமுன் தன் கையால் நட்ட லில்லிகளுக்கு நடுவிலும் முளைக்கிறது. பிடுங்கப் பிடுங்க வருகிறது. என்ன செய்யட்டும்?

தங்கை,
ரூபினி

ஈப்போ,
12.3.2024

அன்பு ரூபி,

மணிப்பூவில் அடங்கி வளர்வதும் உண்டு, அடங்காததும் உண்டு. பூவெல்லாம் தண்டின் ஒரே பக்கமாகத் தொங்குகிறதா, அடியிலை இதய வடிவமா என்று பார். ஒரு முழம் தோண்டு. முள்ளங்கி மாதிரி வெள்ளைக் கிழங்கு இருந்தால் அடங்காததுதான். சின்னத் துண்டு தங்கினாலும் முளைக்கும், மண்ணைச் சலித்து எடு. விதைக்கு விடாதே.

பிரேமலா

தானா ராத்தா,
2.4.2024

அன்புள்ள அக்கா,

கிழங்கு இருந்தது. மூன்று வாரமாகச் சனி ஞாயிறெல்லாம் தோண்டினேன். லில்லியைச் சுற்றி வேர் பின்னிக் கிடந்தது. பிரித்தெடுத்ததில் மூன்றுதான் தேறின.

நேற்று பிரிஞ்சாங்கில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தினேஸ்வரனின் மனைவியைப் பார்த்தேன். அவருக்கும் அதே செடி கொடுத்தீர்களாம். "மண்ணுல வச்சிடாதீங்க, பாத்தியையே தின்னுடும்னு சொல்லித்தான்லா கொடுத்தாங்க" என்றார்.

எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? மறந்துவிட்டேன் என்று எழுதுங்கள், நம்பிவிடுகிறேன்.

ரூபினி

ஈப்போ,
9.4.2024

ரூபி,

மறக்கவில்லை. நீ குழி வெட்டும்போது பக்கத்தில்தான் நின்றேன். அந்த வாரம்தான் துணைத் தலைமையாசிரியர் பதவி உனக்கு வந்தது, இருபத்திரண்டு வருஷம் உழைத்த எனக்கு மாற்றல் வந்தது. சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அங்கே உன்னவர் மகேன் தம்பியின் லில்லி இருந்தது தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

மன்னித்துவிடு. அடுத்த மாதம் தம்பி திவசத்துக்கு வந்து மீதியை நானே தோண்டித் தருகிறேன்.

அக்கா

தானா ராத்தா,
20.4.2024

பிரேமலா டீச்சருக்கு,

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தது நீங்கள்தான். அதை மறக்க முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தேறிய மூன்று லில்லியையும் சட்டிக்கு மாற்றிவிட்டு, பாத்தி முழுக்கச் சிமெண்டு போட்டாகிவிட்டது. தோண்ட ஒன்றும் இல்லை.

திவசத்துக்கு வரவேண்டாம். பிள்ளைகள் இன்னும் உங்களைப் பெரியம்மா என்றுதான் சொல்கிறார்கள். கேட்டால், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ரூபினி