நிறுத்தும் பொத்தான் இடப்பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் அரிசி ஆலையில் புதியவர்களைப் பழக்க வி.ஆர். (மெய்நிகர்) அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அங்கே கண்ணில் கண்ணாடியை மாட்டினால் ஆலை அப்படியே தெரிகிறது. ஆனால் பெல்ட்டை நிறுத்தும் பொத்தான் அதில் வலப்பக்கம் இருக்கிறது. தொண்டூர் முருகனின் கை பெல்ட்டில் சிக்கிய பிறகு ஆலையில் அதை இடப்பக்கம் மாற்றியவனே மிஷின் பார்க்கும் நான்தான்.

அந்த அறையை அமைக்கச் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியரிடம் சொன்னேன்.

"டிராயிங்ல அப்டித்தான் இருக்கு பெரியவரே. எல்லாம் சரின்னு ஒரு கையெழுத்து போடுங்க."

அது பழைய டிராயிங். "டிராயிங்ல யாரு கையும் மாட்டாது சார்" என்றேன். எத்தனாவது படித்தீர்கள் என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரு வாரமாக அந்த அறையில் பழகிய வல்லத்துச் செல்வியை, மிஷின் ஓடாத நேரத்தில் பெல்ட்டருகே நிறுத்தினேன். "உமித்தூசில கண்ணு தெரியலன்னு வச்சிக்க. கண்ண மூடிக்கிட்டு நிறுத்தும்மா" என்றேன். அவள் கை வலப்பக்கம் போய் வெறும் சுவரைத் தட்டியது.

"இன்னாங்க இது, இங்கதான இருந்துச்சி?"

பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர், "அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்றார். திங்கட்கிழமை இவள் ஓடும் பெல்ட்டருகே நிற்கப்போகிறாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேனேஜர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை. அந்த அறையில் பொத்தான் இடப்பக்கம் மாறினால் சாவி தருவேன். என்னை வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால், சாவி இல்லாமலே அனுப்பட்டும்.