சத்தம் அடங்கிய வண்டி

பிப்ரவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே சௌக்கியம்தான், கொஞ்சம் தூக்கம் போதவில்லை, அவ்வளவே. நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை உங்கள் எதிர்வீட்டு மரக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்குப் போன் அடித்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. எப்போதாவது எடுத்தாலும் "சரிம்மா, சரிம்மா, வச்சிடறேன்" என்கிறீர்கள். நான் என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை காதில் வாங்கினீர்களா? கடிதம் என்றால் நாலு பக்கமானாலும் படிப்பீர்கள். அதனால்தான் இது.

நம் குட்டி மிளகுக்குக் கீழ் ஈறில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. நீங்கள் வைத்த பேர் பொருத்தம்தான். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு காரம்.

அப்பா, அன்றைக்கு நான் பேசியது மனசை அறுக்கிறது. நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தால், தொட்டிலில் அவள் கத்திக் கத்தி முகமே ஊதா நிறமாகிக் கிடக்கிறாள். அதே அறையில் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. "மனுஷனா நீங்க, இல்ல கல்லா?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். இங்கே பெயிண்ட் அடிக்க விட்ட உங்கள் பழைய சரக்கு வண்டியைக்கூட எடுக்காமல் மறுநாளே பஸ் ஏறிவிட்டீர்கள். நான் கேட்டது தப்பு. ஆனால் ஏன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்பது மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

வண்டி வேலை நன்றாகப் போகிறது. பெயிண்டர் சீட்டு, கதவு அட்டை, ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். எலும்புக்கூடு மாதிரி நிற்கிறது. எப்படியும் பிரித்தாகிவிட்டது, இதோடு சேர்த்து ஒரு ஸ்டீரியோ வைத்துவிடட்டுமா? அந்த ரேடியோ செத்துப்போய் எத்தனை காலம் ஆகிறது! அதற்கப்புறம் நீங்கள் பாட்டே இல்லாமல் ஓட்டுகிறீர்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் பொறுப்பு. வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எனக்காக.

உங்கள்
மகள்


பிப்ரவரி 14

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

கடிதம் வந்தது. மிளகுக்குப் பல் வந்ததில் சந்தோஷம். கடிக்கப் பழகுவதற்குள் விரலை எடுத்துக்கொள்.

போன் விஷயம். இங்கே டவர் சரியில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

அன்றைக்கு நீ பேசியதும் போகட்டும். பெற்றவளுக்குப் பதறத்தான் செய்யும். அதைப் பற்றி இனி எழுதாதே.

ஸ்டீரியோ எதற்கு? அந்த வண்டி சும்மாவே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரிதான் ஓடுகிறது. ஜன்னல் சட்டம் நாலு ஏற்றினால் தனியாக மேளம் வேறு. ஆனால் நீ ஆசையாகக் கேட்கிறாய். வைத்துக்கொள். மூன்று விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். டேஷ்போர்டில் ரம்பம் படக்கூடாது. பழைய ரேடியோவின் இரண்டு திருகும் அதே இடத்தில் இருக்க வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது, சேர்க்கக்கூடாது, ஒட்டக்கூடாது. நான் தச்சன். பிரித்த கதவை மாட்டும்போது உள்ளே எதையாவது வைத்து மூடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலை முடிந்துவிட்டது! இடுப்பில் மிளகோடு பட்டறை வாசலிலேயே நின்று முடித்தேன். ஸ்டீரியோக்காரர் சின்ன வயசுதான், ஆனால் வாய் பெரிசு. "அக்கா, இது வண்டியா, மியூசியமா? எதைத் தொட்டாலும் அப்பா திட்டுவாருன்றீங்க. நான் பேசாம தள்ளி நின்னு பாட்டுப் பாடிட்டுப் போகட்டுமா?" என்றார். "பாடுங்க, ஆனா அதுவும் வெளிய தெரியக்கூடாது" என்றேன்.

டேஷ்போர்டில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய ரேடியோவின் குடலை உருவிவிட்டு, அந்த முகத்துக்குப் பின்னாலேயே புதுசைப் பொருத்தியிருக்கிறார். இடது திருகைத் திருப்பினால் உயிர் வரும், வலது திருகு பாட்டு மாற்றும். முள் நகர்கிற கண்ணாடிக்குள் அதே மஞ்சள் விளக்கு. ஸ்பீக்கர் இரண்டும் கால் வைக்கிற இடத்துப் பக்கவாட்டுத் தகட்டில், கறுப்புத் துணிக்குப் பின்னால். ஆம்ப்ளிஃபயர் சீட்டுக்கு அடியில், ஜாக்கி வைக்கிற மூலையில். ஒயர் எல்லாம் விரிப்புக்குக் கீழே. பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் போடாமல் விடமாட்டேன் என்று நின்றேன், இடுப்பிலிருக்கிற பையனாட்டம் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று அவர் சொன்னார். பையன் இல்லை, பெண் என்று திருத்தினேன்.

எப்படிப் பாடுகிறது தெரியுமா அப்பா! மிளகு வாயில் வைத்த விரலை எடுத்துவிட்டுக் கேட்டாள். அது மட்டுமில்லை, கதவைச் சாத்தினால் முன்னே மாதிரி தகரம் தட்டுகிற சத்தம் இல்லை. புது வண்டி மாதிரி "தொப்" என்று மூடுகிறது. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே ஓட்டுவீர்கள், இனி காலில் சூடும் ஏறாது. பெயிண்ட் விசேஷம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாப்பிள்ளை கொண்டுவந்து விடுகிறார். மிளகுக்குச் சளி, அதனால் நான் வரவில்லை. எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள். நான் இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

உங்கள்
மகள்


ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

வண்டி வந்தது. மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பெயிண்ட் நன்றாக இருக்கிறது. பாட்டு மிக நன்றாக இருக்கிறது. வேலை சுத்தம். இத்தனை மெனக்கெட்டிருக்கிறாய், உன் கை ராசி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். செடி விற்கிற நர்சரிக்காரர் ரொம்ப நாளாகக் கேட்கிறார், தொட்டிகள் ஏற்ற. முன்னே மாதிரி எனக்குப் பிடி கிடைக்கவில்லை. மேட்டில் கியர் எப்போது மாற்றுவது என்றே தெரியாமல் இரண்டு தடவை நின்றுவிட்டது. ஒரு தடவை ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினுக்கு மறுபடி சாவி போட்டேன். போன வாரம் பின்னால் எடுக்கும்போது மரக்கடை வாசல் தூணில் இடித்தேன். யாருக்கும் அடி இல்லை. தூணுக்கு மட்டும் கொஞ்சம்.

வயசாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. நீ வருத்தப்படுவாய் என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். ஸ்டீரியோவையும் சேர்த்துக் கொடுப்பதில் உனக்கு வருத்தம் இருந்தால் சொல், கழற்றி அனுப்புகிறேன்.

அப்பா


ஏப்ரல் 8

அப்பா,

வண்டியைக் கொடுக்காதீர்கள். முதலில் அது. மற்றதை அப்புறம் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா தூணில் இடித்துவிட்டாராம் என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். இவர் சிரித்துக்கொண்டே, "உங்கப்பா ஒரு தனி ஆளு. அன்னைக்குப் பாட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடித் தலையாட்டினார் பாரு, அப்படி ஒரு ரசனை. பாட்டு முடிஞ்சு நான் ஆஃப் பண்ணின பிறகும் ஆட்டிக்கிட்டே இருந்தார். 'ஆகா, பிரமாதம்'னார்" என்றார்.

நான் சிரிக்கவில்லை, அப்பா. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போன் ஏன் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று புரிந்தது. தொட்டில் இருந்த அறை புரிந்தது. உங்கள் முதுகு புரிந்தது. குழந்தை அழுவது கேட்காத மனுஷனைப் பார்த்து நான் கல்லா என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றீர்கள். எனக்குக் காது கேட்கவில்லைம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல முடியாத மாதிரி நான் கத்திக்கொண்டிருந்தேன், அதுவும் தெரிகிறது.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் கை கூசுகிறது.

நீங்கள் எதையும் ஒட்டக்கூடாது என்றீர்கள். நான் ஒட்டினேன். ஒரு பக்கம் வெள்ளித்தாள், மறுபக்கம் தார் மாதிரி பிசின், அப்படி ஒரு கனமான பட்டை. "தகடு அதிர்ந்தா நல்ல ஸ்பீக்கரும் தகர டப்பா மாதிரிதான் பாடும், அக்கா. இது ஒட்டினா அதிர்வே இருக்காது" என்று ஸ்டீரியோக்காரர் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, நல்ல பாட்டுக்கு அதுதான் வழி. ஒட்டக்கூடாது என்ற உங்கள் நிபந்தனையை மட்டும் நான் அவரிடம் சொல்லவே இல்லை. மேலே அட்டை வந்துவிடும், அப்பாவுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். இரண்டு கதவுக்குள்ளும், தரை முழுக்க விரிப்புக்கு அடியிலும், சீட்டுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கிறது. உங்களுக்குப் பெயிண்ட் விசேஷம் என்று எழுதினேன். அது பொய்.

சின்ன வயசில் நான் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். வெறுங்கால் தரையில், ஒரு உள்ளங்கை கதவுத் தகட்டில். பழக்கம் என்றுதான் நினைத்தேன். காது போனபிறகு அந்தக் கையும் காலும்தான் உங்களுக்கு இன்ஜினைச் சொல்லிக்கொண்டிருந்தன, இல்லையா? நான் வண்டியின் அந்த வாயைப் பொத்திவிட்டேன். பாட்டுக் கேட்காதவருக்குப் பாட்டு வாங்கிக் கொடுத்து, கேட்டுக்கொண்டிருந்த ஒரே சத்தத்தையும் பிடுங்கிக்கொண்டேன். உங்களுக்கு வயசாகவில்லை, அப்பா. வண்டிக்குத்தான் நான் ஏதோ செய்துவிட்டேன்.

சூடு காட்டினால் பட்டை உரிந்துவிடுமாம். மிளகைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன், உட்கார்ந்து உரிக்கிறேன். பிறகு இங்கே வாருங்கள், காது டாக்டரிடம் போகலாம். நர்சரிக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 17

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. அதனால் மூன்றாவது தடவை படிக்காமல் பதில் எழுதுகிறேன்.

காதுக்குப் பிறகு காலும் போய்விட்டது என்றே முடிவுகட்டியிருந்தேன். குளியலறைத் தரையில் காலைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பட்டறையில் இழைப்பு மெஷின் ஓடும்போது மேசையில் கை வைத்துப் பார்த்தேன், நன்றாகத் தெரிந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். அந்த வண்டியைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டேன். இந்த ஒரு மாதம் நான் பட்ட பயத்தை உனக்கு எழுத விருப்பமில்லை. உன் கடிதம் அந்தப் பயத்தை எடுத்துவிட்டது. அதற்கு உனக்கு நன்றி சொல்வதா, உன்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

வண்டி போய்விட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்பே நர்சரிக்காரர் எடுத்துப் போய்விட்டார். நல்ல மனுஷன், விஷயத்தைச் சொன்னால் திருப்பித் தருவார். நான் கேட்கப் போவதில்லை. அன்றைக்குத் தூணில் இடிக்கும்முன் மரக்கடைக்காரர் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினாராம். பட்டை ஒட்டாத கதவாக இருந்தாலும் அது எனக்குக் கேட்டிருக்காது. காலுக்கு இன்ஜின் தெரியும், மனுஷன் கத்துவது தெரியாது. தூண் இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்று யோசித்தேன். நீயும் யோசிக்க வேண்டாம், நான் யோசித்தது போதும்.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், வருத்தம் இருக்கிறது. பட்டைக்காக இல்லை. தொடக்கூடாது என்று நான் சொல்லியும் தொட்டுவிட்டு மறைத்ததற்காக. கொஞ்ச நாள் இருக்கும், பிறகு போய்விடும். நானும் டவர் இல்லை என்று எழுதியவன்தான், அதனால் ரொம்ப நாள் இருக்காது.

காலையில் சாவியைத் தேடிக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. அதுவும் போய்விடும்.

டாக்டரிடம் வருகிறேன். நீ கூட உட்கார்ந்து அவர் சொல்வதைத் தாளில் எழுதிக் காட்டு. எனக்குத் தலையாட்டிச் சமாளித்து அலுத்துவிட்டது.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். குழந்தையை என் பொறுப்பில் விட மாட்டாய் என்று தெரியும். தைரியமாக விடு. ஆனால் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகாதே. என் மடியில் கொடு. அழுதால் எனக்கு வயிற்றில் தெரியும்.

அப்பா