அத்தர் மணக்கும் சுங்க அட்டை

சிங்கப்பூர்
8.10.1998

அன்புள்ள உம்மாவுக்கு ஷஃபீகாவின் ஸலாம்.

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன். நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மேலப்பாளையத்தில் மழை உண்டா?

வாப்பாவின் வேனில் சுங்கக் கருவி பொருத்திவிட்டார்கள். முன்பெல்லாம் நகருக்குள் போக, தினமும் வரிசையில் நின்று சீட்டு வாங்கிக் கண்ணாடியில் வைக்கவேண்டும். இப்போது பணம் நிரப்பிய அட்டையைக் கருவியில் செருகினால் போதும். சாலையின் மேல் கட்டியிருக்கும் வளைவைக் கடக்கும்போது 'பீப்' என்று கட்டணத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். வண்டி நிற்கவே வேண்டாம்.

நேற்றுக் காலை எட்டரைக்கு எனக்குப் பேச்சுப்போட்டி. தாமதித்தால் பெயரை அடித்துவிடுவார்கள். வளைவு தூரத்தில் தெரியும்போது பார்த்தால், கருவியில் அட்டையைக் காணோம்!

"வாப்பா, அட்டை எங்க?"

"வெயில்ல வீணாப் போயிரும்லா? அத்தர் டப்பாவுல பத்திரமா இருக்குளா."

கருவியோடு வந்த புத்தகத்தை நான் முழுவதும் வாசித்திருந்தேன். "அது உள்ள இருந்தாத்தான் வாப்பா வேலை செய்யும்! இல்லன்னா அபராதம்!" என்று டப்பாவைத் திறந்து அட்டையைச் செருகினேன். பீப்! வேன் முழுக்க அத்தர் மணம்.

"ஏளா, நீ புஸ்தகமும் கையுமா இருக்கதை இனிமே ஏசமாட்டேன்" என்று வாப்பா சிரித்தார்கள்.

எட்டு இருபதுக்கே போய்விட்டோம். எனக்கு இரண்டாம் பரிசு! சீட்டு வரிசையில் போகும் நேரம் மிச்சமானதால், வாப்பா முதல் முறையாக உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டார்கள். எல்லோரும் கைதட்டி முடித்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை.

உங்கள் பழைய சேலையில் ஒரு தலையணை உறை தைத்து அனுப்புங்கள். புதுத்துணி வேண்டாம். பேச்சைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், சத்தமாக வாசியுங்கள்.

வாப்பா விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஷஃபீகா