நூல் பிடித்த கை

என் அன்பு மகளுக்கு,

அம்மா இங்கே நலம், இடுப்பு மட்டும் நலமில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். அப்பா சமையலறையில் தனி ராஜ்யம் நடத்துகிறாராம், இரண்டு பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது, மூன்றாவதை என்னிடம் மறைக்கிறார். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதைப் போனில் சொல்லக்கூட அந்தத் துரைக்கு அரை நிமிஷம்தான் கிடைத்தது. தீவு அழகாகத்தான் இருக்கிறது, கடலும் தென்னையுமாக, ஆனால் புயல் வீடுகளை வாரிக்கொண்டு போன தெருவில் நின்றுகொண்டு அழகு பார்க்க மனசு வருவதில்லை. பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுப் படுக்கிறோம், காலையில் எழுந்தால் துணி, தலையணை, உடம்பு எல்லாம் உப்புப் பிசுபிசுப்பு.

இந்த வயதில் முன்பின் தெரியாதவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க அம்மா போயிருக்கிறாள் என்று நீ எல்லோரிடமும் பெருமையடித்தாயாம், தம்பி சொன்னான். இனிமேல் அடிக்காதே. நான் புண்ணியம் தேடி வரவில்லை. இந்தக் குழுவில் உன் பழைய மாமியார் போகிறாள் என்று பயண ஏற்பாடு செய்கிற பெண் பேச்சுவாக்கில் சொன்னாள், அன்றைக்கே நானும் பேர் கொடுத்தேன். அவள் மகன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு தனியாகப் போய்விட்டானாம், வீடு வெறிச்சென்று இருக்கிறதாம், அதனால் சேவை செய்யக் கிளம்பியிருக்கிறாள். உன்னைப் பெட்டியோடு தெருவில் நிறுத்திவிட்டு, எனக்குப் போன் போட்டு, "உங்க பொருளை வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொன்ன வாய் அது. நான் வந்து சேரும்வரை நீ வெயிலில் நின்றதும், மாடியிலிருந்து வேடிக்கை பார்த்த முகங்களும் என் கண்ணைவிட்டு இன்றுவரை போகவில்லை. அவளும் ஒருநாள் நாலு பேர் பார்க்கத் தலைகுனிந்து நிற்க வேண்டும், அதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கண்ணு வந்தேன்.

முதலில் மண் அள்ளவிட்டார்கள், பிறகு கலவை குழைக்கவிட்டார்கள், இன்றைக்குத்தான் சுவருக்கு வந்தோம். கொத்தனார் பாவம் விவரம் தெரியாதவர். "ஒரே ஊர்க்காரங்க, ஒத்துமையா செய்வீங்க" என்று எங்கள் இருவரையும் ஒரே சுவரில் போட்டுவிட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் எழுப்பி வைத்திருந்த மூலையில் நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையை என்னிடம் கொடுத்து, ஒரு குறி போட்டு, அதில் வைத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அந்த நூலை ஒட்டி ஒருவர் கல் வைத்துக்கொண்டே போக வேண்டும். எதிலும் முந்திக்கொள்கிறவள் ஆயிற்றே, "நான் வைக்கிறேன்" என்று கொத்துக்கரண்டியை வாங்கிக்கொண்டாள். கொத்தனார் அடுத்த வீட்டுக்குப் போனதும் என் முனையைக் குறியிலிருந்து இரண்டு விரல் வெளியே தள்ளிப் பிடித்தேன். அடுத்தடுத்த வரிசைக்கு இன்னும் கொஞ்சம். நூல் போன பக்கம் சுவரும் போனது. மத்தியானம் முழுக்க அப்படியே பிடித்திருந்தேன்.

சாயங்காலம் கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு வச்சது இது" என்று போட்ட சத்தத்தில் குழு முழுவதும் கூடிவிட்டது. நான் வாயைத் திறக்குமுன்பே அவள், "நான்தான், என் கை கோணல், நூல் மேல தப்பில்ல" என்றாள். கலவை இறுகுவதற்குள் சுவரைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் சிமெண்டு அப்பிய கையோடு ரோட்டோரம் நின்றாள், எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது, இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டுக்காரி, கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து, பிரித்துப் போட்ட கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த கலவையைத் தகரத் துண்டால் சுரண்டி மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். அவளோடு எனக்கு என்ன பகை? நானும் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டினேன்.

பிறகு தண்ணீர்ப் பீப்பாயில் கை கழுவும்போது உன் மாமியார் பக்கத்தில் வந்து நின்று, "நூல் நகர்ந்தத மொத வரிசையிலேயே பாத்துட்டேன், நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு படகுல ஏறும்போதே தெரியும், சரி நடக்கட்டும்னுதான் வச்சேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் வந்து கஷ்டப்பட்டுப் பழிவாங்கியது நான், பெருந்தன்மைப் பட்டம் அவளுக்கா? "அடுத்தவ வீட்டுச் சுவர்னு தெரிஞ்சும் வச்சீங்களா" என்று கேட்டேன், கேட்டு முடித்த பிறகுதான் அது எனக்கும் சேர்த்து என்று உறைத்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரி எழுதச் சொன்னாள். எழுத மாட்டேன், தெருவில் நிறுத்தினவங்க தெருவில் வந்து நின்றுதான் கேட்க வேண்டும் என்றேன். ஏதாவது சாக்குச் சொல்லுவாள் என்று பார்த்தால், "வரேன், விலாசம் குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்கு என்மேல் கோபப்படு, அது நியாயம்தான். இங்கே வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் வருகிறாள். மணியடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடாதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும்.

நாளைக்கும் அதே சுவர், அதே நூல், நாங்கள் இரண்டு பேரும்தான். குறியிலேயே பிடிப்பேன், அந்தக் கைக்குழந்தைக்காரிக்காக, இவளுக்காக இல்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இரு. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. இன்னொன்று. அவள் வந்து நின்று, நீயும் மனசிரங்கி மன்னித்துவிட்டாய் என்றால், அதை என்னிடம் மட்டும் சொல்லாதே. உனக்கும் சேர்த்து நான் இன்னும் கொஞ்ச காலம் கோபமாக இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா