அம்பதுலதான் போவேன்

ஏலே பிரின்ஸ்டன்,

உங்கம்மைக்குக் கண் ஆபரேசன் கட்டு அவிழ்க்க நானே காரை எடுத்துக்கிட்டுத் திருநெல்வேலிக்குப் போறேன். சாவியை அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சியே, அவ படுத்ததிலிருந்து சோறு பொங்குறது யாரு?

நீ சொல்லிவச்ச டிரைவர் ஏழு மணிக்கு வருவான். காப்பி கொடுத்து அனுப்பிரு. டீசல் மிச்சம்னு இறக்கத்துல நியூட்ரல்ல விடுற ஆளை நான் நம்ப மாட்டேன்.

"அம்பதுல உருட்டுதீங்க, பின்னால வர்றவன் ஏசுதான்"னு நேத்து குதிச்சியே. ஏசட்டும். நான் இடது பக்கம்தான் போறேன், அவன் வலது பக்கமா ஏறிப் போகட்டும். கயத்தாறு பக்கம் ரோட்டோரம் உளுந்துச் செடி காயப் போட்டிருப்பாங்க. தூரத்துலயே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி தானா அடங்கும், டீசலும் குடிக்காது. போன வருசம் நீ கிட்டப் போய் பிரேக்கை மிதிச்சு, செடியில வழுக்கிப் பருத்திக்காட்டுல இறங்கினியே, அப்ப எத்தனை வேகம்?

யார் ஓட்டணும்னு உங்கம்மைகிட்டயே கேட்டேன். நேராப் போய் எனக்குப் பக்கத்து முன்சீட்டுல ஏறி பெல்ட்டை மாட்டிக்கிட்டா.

குழம்பு சட்டியில இருக்கு. சுடவச்சுக்கோ.

அப்பா

உன் பைக்கு பின்டயர்ல காத்து குறைஞ்சிருந்துச்சு. அடிச்சு வச்சிருக்கேன். அதுக்காக உன்கூடப் பேசிட்டேன்னு நினைக்காத.