ஷூவுக்குள் ரெண்டு டியூப் துண்டு

அனிஷா அப்பாவுக்கு,

பென்னாகரம் காட்டு ஓட்டத்துக்குக் கிளம்பிட்டேன். "இந்த முட்டியோட ஓடணுமா"ன்னு நேத்து நீங்க கத்தினதுக்கு வந்து பதில் சொல்றேன். களியும் கீரைக் கடைசலும் மூடி வெச்சிருக்கேன். சர்ச்சுப் பூசைக்குப் போறப்ப சாவியைப் பக்கத்து வூட்ல குடுத்துடுங்க.

கல்யாணத்துக்கு முந்தி இதே ஓட்டத்துல, மலையில சைக்கிள் விடுற தடத்துல சேறு என் ஷூவைப் புடுங்குச்சே, ஞாபகம் இருக்கா? முன்னாடி ஓடின நீங்க திரும்பி வந்து, உங்க ஷூவை இறுக்கிக் கட்டியிருந்த சைக்கிள் டியூபை அவுத்து எனக்குக் கட்டினீங்க. அப்புறம் உங்க ஷூ சேத்துல போச்சு. ரெண்டு பேரும் கடைசியா வந்தோம். அந்த மனுசன் எங்க போனாரு?

ஸ்டெஃபி

பி.கு.: ஷூ போடறப்பத்தான் பாத்தேன். உள்ள ரெண்டு டியூப் துண்டு, புதுசா வெட்டினது. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்தவரு எப்பங்க எந்திரிச்சீங்க? பூசை முடிஞ்சதும் வாங்க. அவசரம் வேணாம், இந்தத் தடவையும் நான் கடைசிதான்.