நெஞ்சின் மேல் ஓணான்

திங்கள், காலை 7.10

நிலவுத் தளம், குழந்தைகள் பிரிவு. எழுதுவது மருத்துவர் தமயந்தி.

பெரியவர்கள் சுரங்கத்தில். இங்கே நானும் ஐந்து குழந்தைகளும். ஈர்ப்பு குறைவு, ஓடாவிட்டால் எலும்பு கரையும். ஓடச் சொன்னால் யாரும் ஓடுவதில்லை. அதனால் கைபேசி விளையாட்டு. கேமரா வழியாகப் பார்த்தால் நடைபாதையில் ஓணான் தெரியும். துரத்தினால் ஓடும். நிஜ ஓணானை இவர்கள் பார்த்ததில்லை.

இன்றும் நன்றாக ஓடினார்கள். எனக்குத் தூக்கம் போதவில்லை.

செவ்வாய், காலை 9.40

காற்றுச் சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. மாற்றுப் பாகம் சுரங்க வண்டியில் வருகிறது. ஓட்டிவருபவர் ஐவரில் ஒருத்தியான ஆதிரையின் அப்பா. வானொலியில் சொன்னார்:

"டாக்டரம்மா, சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம். பசங்கள ஓட விடாதீங்க. என் பொண்ணு லேசுல கேக்க மாட்டா, அதட்டி வைங்க."

படுத்திருந்தால் சாயங்காலம் வரை காற்று போதும். ஓடினால் போதாது.

செவ்வாய், 11.15

கைபேசிகளைப் பிடுங்கி வைத்தேன். பயனில்லை. வெறுங்கையோடு துரத்துகிறார்கள். நடைபாதை மைக்கில்:

"ரிஸ்வான், ஒன் காலுகிட்டடா!"

"போடி, அது செவுத்துல ஏறிடுச்சு."

"டாக்டர் அக்கா, இவன் கள்ளாட்டம் ஆடறான்!"

அதட்ட மனம் வரவில்லை. ஓடு, ஓடு என்று பழக்கியது நான்தான்.

செவ்வாய், 12.30

ஓடியதில் காற்று வேகமாகக் குறைகிறது. விளையாட்டின் விதியை மாற்றினேன். அசையாமல் படுத்தால் ஓணான் நெஞ்சின் மேல் ஏறி உட்காரும். அசைந்தால் போய்விடும். கடைசிவரை வைத்திருப்பவருக்கு வெற்றி. கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்தேன். உடனே படுத்தார்கள்.

ஆதிரை மட்டும் ஒருமுறை: "அக்கா, தலைய ஆட்டுது. என்னயக் கிண்டல் பண்ணுது."

பிறகு அவளும் பேசவில்லை. பேசினால் அசைவு.

செவ்வாய், 4 மணி இருக்கலாம்

தலைவலி. என் கைபேசியிலும் தெரிகின்றன, ஐந்து நெஞ்சுகளில் ஐந்து ஓணான்கள். மூச்சோடு ஏறி இறங்குகின்றன. அதைப் பார்த்துத்தான் நிம்மதி.

கண் சொருகுகிறது. சொருகக் கூடாது.

நேரம் தெரியவில்லை

தூங்கிவிட்டேன்.

"டாக்டரம்மா, வாசல்ல நிக்கிறோம். கதவத் தொறங்க. ஆதிரை, அப்பா வந்துட்டேன் கண்ணு."

கதவுப் பொத்தானை அழுத்திவிட்டேன். விளையாட்டு முடிந்தது, எல்லோருக்கும் வெற்றி, எழுந்திருங்கள் என்கிறேன்.

மறுபடியும் சொல்கிறேன்.

யாரும் அசையவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளைகள். கைபேசியை ஆதிரை பக்கம் திருப்புகிறேன். நெஞ்சின் மேல் ஓணான் இருக்கிறது. தலையை ஆட்டுகிறது. தலையை மட்டும்